தகட்டுக்கு அடியில் வளர்ந்த விரிசல்

விமானத்தில் இறக்கையை ஒட்டி ஜன்னலோர இருக்கை கிடைத்தவர்களுக்கு ஒரு தடவையாவது இந்தப் பயம் வந்திருக்கும். மேகத்துக்குள் நுழைந்ததும் இறக்கையின் நுனி மேலும் கீழுமாக ஆடத் தொடங்குகிறது. நான்கைந்து அடி ஆடுகிறதே, முறிந்துவிடாதா? அடிக்கடி பறக்கும் ஆள் பக்கத்தில் இருந்தால், “அது அப்படித்தான் ஆடும், பயப்படாதீங்க” என்பார். அவர் சொல்வது சரி. ஆடிக் கொடுக்கும்படிதான் அந்த இறக்கையைச் செய்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பயத்துக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பல ஆண்டுகள் ஆடியும் முறியாத ஓர் இறக்கை, முன்பு எத்தனையோ தடவை தாங்கிய அதே அளவுச் சுமையைத் தாங்க முடியாமல் ஒருநாள் முறிவது எப்படி? நேற்றுவரை தாங்கியது இன்றைக்கு ஏன் தாங்கவில்லை?

2002-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்கா இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தது. ஒரு மாத இடைவெளியில் இரண்டு விமானங்கள் வானத்திலேயே இறக்கையை இழந்தன. இரண்டும் காட்டுத்தீயை மறிக்கப் போனவை. ஐந்து பேர் உயிரிழந்தார்கள்.

இறக்கையின் அடிப்பக்கம்

விமானம் நேராகப் பறக்கும்போது அதன் உடல் நடுவில் கீழ்நோக்கி அழுத்துகிறது. காற்று இரு பக்கமும் இறக்கைகளை மேல்நோக்கித் தள்ளுகிறது. நடுவில் கீழே, ஓரங்களில் மேலே என்று இரண்டும் எதிரெதிராக வேலை செய்வதால் இறக்கை மேல்நோக்கி வளைகிறது. அப்போது மேல்பக்கத் தகடு நெருக்கப்படும், அடிப்பக்கத் தகடு இழுபடும். விரிசல் வாய் திறப்பது இழுபடும் பக்கத்தில்தான். அந்த இழுப்பு மிக அதிகமாக இருப்பது, இறக்கை உடலோடு சேரும் இடத்தில்.

இறக்கைக்குள் என்ன இருக்கிறது? நீளவாக்கில் ஓடும் பெரிய உத்தரங்கள் உண்டு. அவற்றுக்கு இடையில் மெல்லிய நெடுக்குச் சட்டங்கள் வரிசையாகப் போகும். இவற்றின் மேல் போர்த்திய தகட்டைத் தோல் என்றே சொல்லலாம். வெறும் மூடியாக மட்டும் இல்லாமல் அந்தத் தோலும் சுமையில் பெரும்பங்கைத் தாங்குகிறது. சட்டத்தையும் தோலையும் ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு ரிவெட்டுக்கும் ஒரு துளை வேண்டும். இந்தத் துளைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சொல்லும் தேவைப்படும். நேராகப் பறக்கும் விமானத்தின் இறக்கை, விமானத்தின் எடையை ஒரு மடங்கு சுமக்கிறது. கீழ்நோக்கிப் பாய்ந்து, பிறகு மூக்கை நிமிர்த்தி மேலேறும்போது இரண்டு மடங்கு சுமக்க வேண்டி வரலாம். இந்த மடங்கைச் ‘சுமைப்பெருக்கு’ என்று வைத்துக்கொள்வோம். விமானிகள் சுருக்கமாக ‘ஜி’ என்பார்கள்.

துளையின் விளிம்பில்

ஜவுளிக்கடையில் துணி கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முழுத் துணியை இரண்டு கையாலும் இழுத்தால் பலசாலிக்கும் கிழியாது. கடைக்காரர் அளந்த இடத்தில் கத்தரியால் ஓரமாக ஒரு சின்ன வெட்டுப் போடுவார். பிறகு இரண்டு விரலால் இழுத்தாலே ‘சர்’ரென்று போய்விடும். துணி பலவீனமாகிவிடவில்லை. இழுக்கும் விசை எல்லாம் அந்த வெட்டின் முனையில் வந்து குவிகிறது, அவ்வளவுதான்.

உலோகத் தகட்டிலும் இதுவே நடக்கிறது. ஓர் அகலமான தகட்டில் வட்டமாக ஒரு துளை போட்டு இழுத்தால், துளையின் விளிம்பில் இழுப்பு மற்ற இடத்தைப் போல மூன்று மடங்கு இருக்கும். ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் இதை 1898-இலேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார். அந்த விளிம்பில், தடவிப் பார்த்தாலும் தட்டுப்படாத அளவுக்கு ஒரு கீறல் தொடங்குகிறது. தகடு ஒவ்வொரு தடவை இழுபடும்போதும் அந்தக் கீறல் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ நீள்கிறது. இழுப்பு தளர்ந்தால் நிற்கிறது, மறுபடி இழுத்தால் மறுபடி நீள்கிறது. ஒரே தடவையில் தகட்டை முறிக்கவே முடியாத சிறிய சுமை, லட்சம் தடவை திரும்பத் திரும்ப வந்து அதை முறித்துவிடுகிறது. உலோகச் சோர்வு என்பது இதுதான். ரயில் அச்சுகள் ஏன் காரணமில்லாமல் முறிகின்றன என்று 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஆகஸ்ட் வோலர் பொறுமையாகச் சோதித்ததிலிருந்து இந்தத் துறை வளர்ந்தது.

இரண்டு விஷயம் இங்கே முக்கியம். முதலாவது, விரிசல் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. இழுப்பு இரு மடங்கானால் அலுமினியக் கலவைகளில் விரிசல் வளரும் வேகம் எட்டிலிருந்து பதினாறு மடங்கு வரை கூடும். இரண்டாவது, விரிசல் நீள நீளத் தகட்டின் பலம் குறைகிறது. விரிசல் நான்கு மடங்கு நீண்டால் தகடு தாங்கக்கூடிய இழுப்பு பாதியாகிவிடும். ஆகவே ஒரு கட்டத்தில், வழக்கமாகத் தாங்கிவந்த சுமையே அதற்கு அதிகமாகப் போய்விடுகிறது. நேற்று தாங்கிய இறக்கை இன்று தாங்காததற்கு விடை இங்கே இருக்கிறது. சுமை மாறவில்லை. இறக்கைதான் கொஞ்சம் கொஞ்சமாக வேறு இறக்கையாகியிருக்கிறது.

வாக்கர், 2002 ஜூன் 17

கலிபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், நெவாடா எல்லையை ஒட்டி வாக்கர் என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் பக்கத்து மலையில் பரவிய தீயை மறிக்க ‘டேங்கர் 130’ வந்தது. நான்கு எஞ்சின் வைத்த சி-130ஏ ஹெர்குலிஸ் விமானம் அது. 1957-இல் அமெரிக்க விமானப்படைக்காகச் செய்யப்பட்டு, படையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு தனியார் நிறுவனத்தின் கைக்கு வந்து, வயிற்றில் தொட்டி பொருத்தப்பட்டுத் தீயணைப்பு விமானமானது. அதுவரை ஏறத்தாழ 22,000 மணி நேரம் பறந்திருந்தது. உள்ளே மூன்று பேர்.

தீத்தடுப்புக் கரைசலைப் பலரும் நினைப்பதுபோல நேராக நெருப்பின் மேல் கொட்டுவதில்லை. தீ எந்தப் பக்கம் வரப்போகிறதோ அந்தப் பாதையில் செடிகொடிகள் மேல் கோடு இழுத்ததுபோல் கொட்டுவார்கள். தண்ணீரில் உரத்தில் போடும் அம்மோனியம் பாஸ்பேட் போன்ற உப்பும், எங்கே விழுந்தது என்று விமானிக்குத் தெரிவதற்காகச் சிவப்பு நிறமும் கலந்திருக்கும். டேங்கர் 130 பள்ளத்தாக்கின் சரிவையொட்டித் தாழப் பறந்து சிவப்பாகக் கொட்டிக்கொண்டே வந்தது. கொட்டி முடியும் நேரம், மூக்கு நிமிரத் தொடங்கியது. அப்போது வலது இறக்கை மேல்நோக்கி மடிந்தது. ஒரு நொடிக்குள் இடது இறக்கையும் மடிந்தது. உடல் மட்டும் கீழே போயிற்று. மூவரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

தீயைப் படம்பிடிக்க வந்திருந்த ரீனோ நகரத் தொலைக்காட்சிக் குழுவின் கேமராவில் இது முழுவதும் பதிவானது. அந்தப் பதிவு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், காரணம் கண்டுபிடிக்கப்பட்டிருக்குமா என்பதே சந்தேகம் என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பதற்குக் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் புலனாய்வாளர்கள் முறிந்த இறக்கையை எடுத்துப் பார்த்தார்கள். முறிந்த உலோகத்தின் முகம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு பதிவேடு போன்றது. ஒரே அடியில் முறிந்த பகுதி கரடுமுரடாக, சாய்வாக இருக்கும். சோர்ந்து முறிந்த பகுதி தட்டையாக, வழவழவென்று இருக்கும். நுண்ணோக்கியில் வைத்தால் அதன் மேல் நெருக்கமாக ஓடும் மெல்லிய வரிகள் தெரியும். விரிசல் எங்கிருந்து புறப்பட்டு எந்தப் பக்கம் நகர்ந்தது என்று அந்த வரிகள் காட்டிவிடும்.

டேங்கர் 130-இன் வலது இறக்கை அடித்தோலில் வரிகள் எல்லாம் ரிவெட் துளைகளைக் காட்டின. அந்த இடத்தில் தோலின் வெளிப்புறத்தில் பலத்துக்காக ஓர் ஒட்டுத் தகடு வைத்து ரிவெட் அடித்திருந்தார்கள். ஒட்டுத் தகடு, தோல், உள்ளே நெடுக்குச் சட்டம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் துளைகளில் விரிசல்கள் பிறந்திருந்தன. அவை ஒன்றோடொன்று சேர்ந்து ஏறத்தாழ 12 அங்குல நீளத்துக்கு வளர்ந்திருந்தன. ஓர் அடி! விரிசல் ஒட்டுத் தகட்டின் எல்லையையும் கடந்து, உள்ளே இருந்த சட்டங்களுக்கும் பரவியிருந்தது. பலப்படுத்த வைத்த தகடுதான் விரிசலின் பிறப்பிடத்தைக் கண்ணிலிருந்து மறைத்துக்கொண்டிருந்தது.

தீயின் மேல் பறப்பது வேறு வேலை

சரக்கு விமானமாகப் பறந்ததைவிடத் தீயணைப்பு விமானமாகப் பறந்தபோது இறக்கைக்கு என்ன அதிகமாக நேர்ந்தது? எண்களை வைத்துப் பார்த்தால் விளங்கும். கணக்குக்காக 50 டன் எடையுள்ள ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 12 டன் தீத்தடுப்புக் கரைசல். சி-130ஏ கொண்டுபோகும் 3,000 கேலன் கரைசல் ஏறக்குறைய அந்த எடைதான் இருக்கும்.

கதவு திறந்து 12 டன்னும் சில நொடிகளில் வெளியே போய்விடுகிறது. மீதி 38 டன். ஆனால் இறக்கை இன்னும் 50 டன்னைத் தூக்கும் விசையோடு இருக்கிறது. விமானம் தானாகவே மேலே எகிறும். அந்தக் கணத்தில் சுமைப்பெருக்கு 1.3. இதுவே இறக்கையை முறிக்கிறது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள், அது சரியான கணக்கு இல்லை. இறக்கை மேல் விழும் காற்றின் விசை அந்தக் கணத்தில் முன்பிருந்த அதே 50 டன்தான். ஆபத்து அடுத்த நொடியில் வருகிறது. விமானம் சரிவில் இறங்கிக்கொண்டிருக்கிறது, எதிரே மலை நிற்கிறது, விமானி மூக்கை நிமிர்த்தியே ஆக வேண்டும். கீழே எரியும் நெருப்பு சூடான காற்றை மேலே தள்ளி உலுக்குகிறது. சுமைப்பெருக்கு 2.4-ஐத் தொட்டால், 38 டன் விமானத்துக்கு இறக்கை தூக்க வேண்டியது 91 டன்.

நேர்ப்பறப்பின் 50 டன்னுக்கு இது ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேல். முன்பு பார்த்த விதிப்படி விரிசல் வளரும் வேகமோ ஆறிலிருந்து பதினோரு மடங்கு வரை போகும். இது எப்போதோ ஒருமுறை நடப்பதில்லை. தீ மூண்ட நாட்களில் ஒரே விமானம் ஒரு நாளில் பலமுறை ஏறி இறங்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு பாய்ச்சல், ஒரு நிமிர்வு.

இதை 2002-க்குப் பிறகு யாரோ புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தீயணைப்பில் பறந்த டிசி-6பி விமானத்தில் கருவி பொருத்தி அளந்த நாசா 1974-இலேயே அறிக்கை கொடுத்துவிட்டது. சுமைப்பெருக்கு 2.0-க்கும் 2.4-க்கும் இடையே போகும் தருணங்கள், பயணிகள் விமானத்தைவிடத் தீயணைப்பு விமானத்தில் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு அதிகம் என்பது அதன் முடிவு. கட்டமைப்பின் ஆயுள் கணிசமாகக் குறையும் என்றும் அது எச்சரித்தது. அந்த அறிக்கைக்கும் வாக்கர் விபத்துக்கும் இடையே 28 ஆண்டுகள். இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

மணிக்கணக்கு சொல்லாதது

வாக்கர் விபத்து நடந்து சரியாக ஒரு மாதம் கடந்த நிலையில், ஜூலை 18 அன்று, கொலராடோ மாநிலம் எஸ்டஸ் பார்க் அருகே ‘டேங்கர் 123’ இடது இறக்கையை இழந்து விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். இது பிரைவேட்டீர் வகை, இரண்டாம் உலகப்போரில் கடற்படைக் கண்காணிப்புக்கும் குண்டுவீச்சுக்கும் செய்தது. செய்து 57 ஆண்டுகளாவது ஆகியிருந்தது. இங்கே சோர்வு விரிசல் முன் உத்தரத்தின் அடிப்பகுதியிலும் அதையொட்டிய தோலிலும் பரவியிருந்தது.

இந்த விமானம் பறந்தது 8,000 மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. 50,000, 60,000 மணி பறந்துவிட்டும் ஒழுங்காக ஓடும் பயணிகள் விமானங்கள் உலகில் ஏராளம். ஆண்டுக்கணக்கில் பார்த்தால் டேங்கர் 123 கிழம், மணிக்கணக்கில் பார்த்தால் இளசு. இரண்டு கணக்கும் இறக்கையின் உண்மையான வயதைச் சொல்லவில்லை. எத்தனை தடவை, எவ்வளவு பலமாக இழுபட்டது என்ற கணக்குதான் அதைச் சொல்லும். அந்தக் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

இனி, வாக்கர் படப்பதிவைப் பற்றிப் பேசும்போது தள்ளிவைத்த காரணத்துக்கு வருகிறேன். 1994 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பேர்ப்ளாசம் அருகே இன்னொரு சி-130ஏ, ‘டேங்கர் 82’, வானத்தில் சிதறி மூன்று பேர் இறந்திருந்தார்கள். எரிபொருள் வெடிப்பு என்று முதலில் முடிவு கட்டினார்கள். வாக்கர் படத்தைப் பார்த்த பிறகு அந்தப் பழைய சிதைவுகளை மறுபடி ஆராய்ந்தார்கள். அதிலும் வலது இறக்கையில் சோர்வு விரிசல்! முடிவு திருத்தி எழுதப்பட்டது. 1994-இலேயே சரியாகப் படித்திருந்தால் அதே வகை விமானங்களின் அதே இடத்தைத் தேடிப் பார்த்திருப்பார்கள். டேங்கர் 130-இன் மூன்று பேருக்கும் அந்த எட்டு ஆண்டு அவகாசம் இருந்திருக்கும்.

எப்போது பார்ப்பது, எதைக் கொண்டு பார்ப்பது

விரிசலே வராத இறக்கை கிடையாது. ஆகவே பொறியாளர்கள் வேறு வழியில் யோசிக்கிறார்கள். விரிசல் இருக்கிறது என்றே வைத்துக்கொள். அது முறிக்கும் அளவுக்கு வளருமுன் கண்டுபிடி. இந்த முறையைப் ‘பழுது தாங்கும் வடிவமைப்பு’ எனலாம்.

ஒரு விரிசல் கருவிக்குத் தென்படும் அளவை எட்டியதிலிருந்து முறிக்கும் அளவை எட்டும்வரை, சரக்குப் போக்குவரத்தில் 3,000 பறப்புகள் ஆகும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1,500 பறப்புக்கு ஒருமுறை சோதித்தால், முறியுமுன் இரண்டு தடவையாவது அது பிடிபட வாய்ப்பு உண்டு. அதே விமானம் தீயணைப்புக்கு வந்து விரிசல் பத்து மடங்கு வேகமாக வளர்ந்தால், அந்த 3,000 பறப்பு 300 ஆகச் சுருங்கிவிடும். பழைய கையேட்டைப் பார்த்து 1,500-க்குக் காத்திருப்பவர்கள் விதியையும் மீறவில்லை, சோதனையையும் தவறவிடவில்லை. ஆனால் அடுத்த சோதனைத் தேதி வருவதற்குள் விரிசல் தென்பட்டு, வளர்ந்து, முறித்தும் முடித்திருக்கும்.

எதைக் கொண்டு பார்ப்பது என்பதும் அதே அளவு முக்கியம். டார்ச் அடித்துக் கண்ணால் பார்த்தால் ஒட்டுத் தகட்டுக்கு அடியில் இருப்பது தெரியாது. எக்ஸ்ரே வேண்டும், அல்லது உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி அது எங்கே தடைபடுகிறது என்று அளக்கும் கருவி வேண்டும். எந்த இடத்துக்கு எந்தக் கருவி என்பதிலும் தவறு நேரலாம். 2013 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், உல்லடுல்லா அருகே தீயணைப்பில் இருந்த ட்ரொமேடர் என்ற சிறு விமானத்தின் இடது இறக்கை கழன்று விமானி இறந்தார். இறக்கையை உடலோடு பிணைக்கும் உலோகப் பிடியில், துருவரித்த நுண்குழிகளிலிருந்து விரிசல் வளர்ந்திருந்தது. அந்தப் பிடியை முன்பே சோதித்திருந்தார்கள், சுழல் மின்னோட்டக் கருவியால்தான். ஆனால் அந்தச் சோதனைக்கு அந்த முறை அனுமதிக்கப்பட்டதில்லை. விரிசலை அதனால் கண்டுபிடிக்க முடியாமல் போயிருக்கலாம் என்றது விசாரணை.

யார் கணக்கு எழுத வேண்டும்?

அமெரிக்க விமானங்களுக்குத் திரும்புவோம். விமானம் தனியாருடையது. அமர்த்துவது வனத்துறை. சான்றிதழ் தருவது விமானப் போக்குவரத்து நிர்வாகம். ஆனால் அரசு வேலையாகத் தீக்குப் பறக்கும்போது அந்தப் பறப்பு நிர்வாகத்தின் வழக்கமான கண்காணிப்புக்குள் வராது. பிரைவேட்டீரைத் தயாரித்த கன்சாலிடேட்டட் நிறுவனமோ அந்தப் பெயரிலேயே இல்லை. கையேடுகள் படைகள் அந்தக் காலத்தில் தங்கள் வேலைக்காக எழுதியவை. ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நம்ப இடமிருந்தது. கட்டமைப்பில் இருந்த விரிசலைப் போலவே இந்த ஏற்பாட்டில் இருந்த இடைவெளியும் உயிரைப் பறித்தது என்றுதான் நான் சொல்வேன்.

2002-க்குப் பிறகு சி-130ஏ, பிரைவேட்டீர் இரண்டையும் தீயணைப்பிலிருந்து நிரந்தரமாக விலக்கினார்கள். 2004 ஏப்ரலில் பாதுகாப்பு வாரியம், விமானங்களின் பாதுகாப்புக்கு அமர்த்துகிறவர்களே பொறுப்பு என்று வெளிப்படையாக எழுதியது. தீயணைப்பின் சுமைகளைக் கணக்கில் கொண்டு பராமரிப்புத் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. அடுத்த மாதமே 33 பெரிய தீயணைப்பு விமானங்களின் ஒப்பந்தங்கள் ரத்தாயின. கட்டமைப்பு பாதுகாப்பானது என்று கணக்கோடு நிரூபித்தவை மட்டும் பிறகு திரும்பி வந்தன.

இதற்கு விலையும் இருந்தது. 2002-இல் வனத்துறையிடம் 44 பெரிய விமானங்கள் இருந்தன. 2011-இல் பி-3 வகை விமானங்களின் ஒப்பந்தமும் சோர்வுக் கணக்கை முடிக்காததால் ரத்தானபோது மிஞ்சியவை 11. காட்டோரம் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன இழப்பு இல்லை. ஆனாலும் முறியக்கூடிய இறக்கையில் ஆட்களை ஏற்றித் தீயை அணைக்கலாம் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

பிறகு வந்த விமானங்களும் பெரும்பாலும் வேறு வேலைக்குச் செய்து, பயன்படுத்தி, மாற்றியமைத்தவைதான். பிஏஇ-146, ஆர்ஜே85 என்ற குறும்பயண ஜெட்டுகள், எம்டி-87, டிசி-10 என்று பட்டியல் போகிறது. தண்ணீரை ஏரியிலிருந்து மொண்டு செல்வதற்கென்றே செய்த கனடாவின் சிஎல்-415 உற்பத்தி 2015-இல் நின்றுபோய், அதன் அடுத்த வடிவத்துக்கான முயற்சி பிறகுதான் தொடங்கியது. ஆகவே பழைய விமானங்களை ஒரேயடியாக ஒதுக்கிவிடலாம் என்பது நடக்கிற காரியம் இல்லை. மாறியது கணக்கு எழுதும் பழக்கம். தீயணைப்பு விமானங்களில் இப்போது சுமை அளவிகள் பொருத்துகிறார்கள். ஒவ்வொரு பாய்ச்சலிலும் சுமைப்பெருக்கு எவ்வளவு போனது என்று அவை பதிவு செய்கின்றன. அந்தப் பதிவிலிருந்து அடுத்த சோதனை எப்போது என்பதைக் கணக்கிட முடிகிறது.

2012-இன் தொடக்கத்தில், பி2வி வகைத் தீயணைப்பு விமானம் ஒன்றைச் சோதித்தபோது இறக்கை உத்தரத்திலும் தோலிலும் 24 அங்குல விரிசல் இருந்தது தெரிந்தது. டேங்கர் 130-இல் இருந்ததைப் போல இரண்டு மடங்கு. நீளத்தை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிட முடியாது. எந்தப் பாகத்தில் விரிசல், அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ளப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து ஓர் அடி விரிசல் கொல்லும், இரண்டு அடி விரிசல் கொஞ்சம் பொறுக்கும். அந்த விரிசலைத் தரையில் வைத்தே கண்டுபிடித்தார்கள். அதே வகையின் மற்ற விமானங்களையும் உடனே சோதிக்கும்படி விமானப் போக்குவரத்து நிர்வாகம் அவசர உத்தரவு போட்டது.